ஏழு மாடி ஊரில் இருந்துகொண்டு தீ பொறியியல் படிக்கலாமா?

நாகர்கோவிலில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: உயரமான கட்டடங்களின் தீப் பாதுகாப்பில் வேலைக்குப் போக வேண்டும், முடிந்தால் ஆராய்ச்சியும் செய்ய வேண்டும். ஆறு மாத ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ படிப்பை முடித்தால் வளைகுடாவில் வேலை உறுதி என்று மார்த்தாண்டத்தில் போர்டு பார்த்தேன், அது போதுமா? நம் ஊரில் இருப்பதெல்லாம் ஏழெட்டு மாடிதானே, இங்கிருந்து தொடங்கி என்ன பயன்? பார்வைக்கு இரண்டு கேள்விகள். ஆனால் தீ பாதுகாப்புப் பொறியாளர் காலையில் மேசையில் உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பதை யாரும் இவருக்குச் சொல்லவில்லை என்பதுதான் அடிப்படைச் சிக்கல். அது தெரிந்தால் எந்தப் படிப்பு, ஊர் தடையா இல்லையா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

போர்டில் ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ என்று ஒரே பெயரில் விற்கப்படுவது உண்மையில் மூன்று வேலைகள். முதலாவது தீயணைப்புத் துறை. தமிழ்நாட்டில் தீயணைப்பாளர், நிலைய அலுவலர் இரண்டுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். தனியார் சான்றிதழ் அங்கே செல்லாது. இரண்டாவது பாதுகாப்பு அலுவலர். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 40பி பிரிவு உருவாக்கிய பதவி இது. பொறியியல் பட்டம், சில ஆண்டு ஆலை அனுபவம், அரசு ஏற்றுக்கொண்ட தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம், உள்ளூர் மொழி அறிவு எல்லாம் கேட்பார்கள். சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் பட்டயம் அந்த வகை. வளைகுடா கட்டுமானத் தளங்களில் இதே வேலைக்குப் பெரும்பாலும் நெபோஷ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புத் தேர்வு அமைப்பின் சான்றிதழைக் கேட்கிறார்கள். மூன்றாவதுதான் நீங்கள் ஆசைப்படுவது: கட்டடம் வரைபடத்தில் இருக்கும்போதே தீயையும் புகையையும் ஆட்களின் நகர்வையும் கணக்குப் போடும் பொறியாளர். ஆறு மாதப் படிப்பு முதல் இரண்டின் ஓரத்தைத் தொடும், மூன்றாவதின் வாசலுக்குக்கூட வராது. அதற்காக அதை வீண் என்று சொல்ல மாட்டேன். ஹோஸை உதறி விரிப்பது, அணைப்பானை இயக்குவது, மூச்சுக் கருவி மாட்டுவது போன்ற கைப்பழக்கம் நல்ல நிறுவனத்தில் கிடைக்கும். ‘என்ஜினியர்’ என்ற சொல்லைச் சேர்த்து விற்பதுதான் தவறு.

மூன்றாவது வேலையின் சாரம் இரண்டு நேரங்களை ஒப்பிடுவது. ஒன்று, புகையும் சூடும் ஆள் நிற்க முடியாத அளவுக்கு ஏறும்வரை கிடைக்கும் நேரம். மற்றொன்று, எல்லோரும் வெளியேறத் தேவைப்படும் நேரம். கன்னியாகுமரியில் தரைக்கு மேல் ஏழு தளமுள்ள ஒரு தங்கும் விடுதியை எடுத்துக்கொள்வோம். தளத்துக்கு 40 பேர், ஆக 280 பேர். ஒரே படிக்கட்டு, அகலம் 1.25 மீட்டர். படியில் இறங்குபவர்கள் சுவரையும் கைப்பிடியையும் ஒட்டி நடப்பதில்லை. இரு பக்கமும் 15 சென்டிமீட்டரைக் கழித்தால் பயன்படும் அகலம் 0.95 மீட்டர். ஒரு மீட்டர் அகலத்தில் நொடிக்குச் சுமார் ஒருவர் இறங்குவார் என்று வைத்தால், எல்லோரும் இறங்கி முடிக்க 295 நொடி, அதாவது ஐந்து நிமிடம். படியை 1.5 மீட்டராக அகலப்படுத்தினால் 233 நொடிக்கு வரும். அவ்வளவு கான்கிரீட்டுக்கும் இடத்துக்கும் கிடைத்த லாபம் ஒரே நிமிடம். சபரிமலை சீசனில் நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் படுத்தால் அந்த ஐந்து நிமிடம் பத்தாகிவிடும். படியில் நெரிசல் கூடினால் ஓட்டம் இன்னும் குறையும்.

இப்போது எதிர்ப்பக்கம். மூன்றுக்கு நான்கு மீட்டர் அறை, உயரம் மூன்று மீட்டர், கதவு 0.9க்கு 2.1 மீட்டர், கதவு திறந்திருக்கிறது. தாமஸ் சமன்பாட்டில் போட்டால், ஏறத்தாழ 1.5 மெகாவாட் தீ அந்த அறையை முழுவதுமாகப் பற்றவைத்துவிடும். ‘ஃபிளாஷ்ஓவர்’ என்பது இதுதான். ஃபோம் மெத்தை போன்றவற்றின் ‘வேகமான’ வகைத் தீ 150 நொடியில் ஒரு மெகாவாட்டை எட்டும் என்பது வடிவமைப்பில் பயன்படும் வரையறை. அந்தக் கணக்கில் 1.5 மெகாவாட்டுக்கு மூன்று நிமிடம். நடைபாதையில் புகை அதற்கும் முன்பே நிறைந்துவிடும். வெளியேற ஐந்து நிமிடம், கிடைப்பது மூன்று. அதிலும் அந்த ஐந்து நிமிடம் எல்லோரும் ஏற்கெனவே எழுந்து படிக்கு வந்துவிட்டார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு. இரவு இரண்டு மணிக்கு அலாரம் கேட்டு, புரிந்து, பையைத் தேடி, பிள்ளையைத் தூக்கி, அறையை விட்டு வெளியே வருவதற்குத்தான் பெரும்பகுதி நேரம் போகிறது. ஆகவே இந்த விடுதிக்கு ஒரு பொறியாளர் முதலில் எழுதித் தர வேண்டியது படியை அகலமாக்கச் சொல்லி அல்ல. ஒவ்வொரு அறைக் கதவிலும் தானாக மூடும் குளோசர், ஒவ்வொரு அறையிலும் கேட்கும் அலாரம், படிக்கட்டைச் சுற்றி அடைப்புச் சுவரும் தீக்கதவும். இரண்டாவது படிக்கட்டு கட்ட இடம் இருந்தால் அதையும் எழுதலாம்; பழைய விடுதிகளில் பெரும்பாலும் இடம் இருக்காது.

இதில் எது உறுதி, எது தளர்வு என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். படியில் ஆட்கள் இறங்கும் வேகம் பல நாடுகளில் அளந்து பார்த்தது, பத்து இருபது சதவீதம் கூடக்குறைய இருந்தாலும் நம்பலாம். ஃபிளாஷ்ஓவருக்கு வேண்டிய வெப்ப அளவும் அப்படியே. தீ பிடித்து முதல் சுடர் நிலைபெறும் வரை ஆகும் நேரத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிகரெட் நெருப்பு மெத்தைக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கலாம். ஆட்கள் நகரத் தொடங்கும் நேரம் அதைவிடச் சிக்கல்: ஒரே கட்டடத்தில் ஒருவர் அரை நிமிடத்தில் கிளம்புவார், பக்கத்து அறைக்காரர் கால் மணி நேரம் கழித்து வருவார். அறிக்கையில் இதற்கு ஒரே ஒரு எண்ணைப் போட்டு தசமப் புள்ளி வரை விடை காட்டுபவரை நம்பாதீர்கள். வரம்பாகக் கொடுக்க வேண்டும், மோசமான முனையை வைத்து வடிவமைக்க வேண்டும்.

உயரம் கூடும்போது புதிதாக என்ன சேர்கிறது என்பதைச் சில கட்டடங்கள் கற்றுக்கொடுத்திருக்கின்றன. 1991இல் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசாவின் 22ஆம் தளத்தில் பிடித்த தீ மேலே ஏறிக்கொண்டே போனது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். கடைசியில் 30ஆம் தளத்தில், சூட்டில் தானாகத் திறந்து நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்ததால் அங்கே பத்து ஸ்பிரிங்க்ளர் தலைகள் திறந்து அதை நிறுத்தின. 1990களின் நடுவில் இங்கிலாந்தின் கார்டிங்டனில் பழைய ஆகாயக்கப்பல் கொட்டகைக்குள் எட்டு மாடி இரும்புச் சட்டக் கட்டடம் ஒன்றைக் கட்டி எரித்துப் பார்த்தார்கள். எஃகு 600 டிகிரியில் பாதி வலிமையை இழக்கும். அங்கே மேல்பூச்சு இல்லாத உத்திரங்கள் அதைத் தாண்டிச் சூடேறியும் தளம் விழவில்லை. கான்கிரீட் தளம் தொய்ந்து, இழுவையில் சுமையைத் தாங்கிக்கொண்டது. இதை மட்டும் படித்தால் எஃகுக் கட்டடத்துக்குப் பயமில்லை என்று தோன்றும். 2001இல் நியூயார்க்கில் 47 மாடி ஏழாம் எண் உலக வர்த்தக மையக் கட்டடம் தீயால் இடிந்ததைப் பற்றி 2008இல் வந்த என்ஐஎஸ்டி (அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம்) அறிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: நீண்ட உத்திரங்கள் சூட்டில் விரிந்து, தாங்கி நின்ற பெரிய உத்திரத்தை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன என்கிறது அது. ஒரு கம்பியை அடுப்பில் வைத்துச் சோதித்து முழுக் கட்டடத்தைப் பற்றி முடிவு கட்டக்கூடாது என்பதுதான் கடந்த முப்பது ஆண்டு கட்டமைப்புத் தீ ஆராய்ச்சியின் பெரும்பகுதி. சிவில் படிப்பவருக்கு நேராகத் திறக்கும் கதவும் இதுவே.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவரில் நான்காம் தளச் சமையலறையில் தொடங்கிய தீ ஜன்னல் வழியே வெளிச்சுவரைப் பிடித்து, அரை மணி நேரத்துக்குள் உச்சியை எட்டியது. 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் ஒட்டியிருந்தது பாலிஎதிலீன் நடுப்பகுதி கொண்ட அலுமினியப் பலகை. அதுதான் நம் ஊர்த் துணிக்கடை, நகைக்கடை முகப்பில் ஒட்டும் ஏசிபி வகை. நான்கு மில்லிமீட்டர் பலகையில் உள்ளே மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்றால், சதுர மீட்டருக்கு இரண்டே முக்கால் கிலோ. அது முழுதாக எரிந்தால் வரும் வெப்பம் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். பத்து மீட்டர் அகலம், பன்னிரண்டு மீட்டர் உயரமுள்ள முகப்புக்குப் பெருக்கிப் பாருங்கள். தீ எதிர்ப்புத் தரம் என்று விற்கப்படும் பலகையில் தாதுப்பொடி கலந்திருக்கும். வெட்டு விளிம்பைக் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. லைட்டர் காட்டிப் பார்ப்பதும் ஒரு குறிப்பு மட்டுமே. பலகைக்கான சோதனை அறிக்கையும், அதைப் பொருத்தும் முறைக்கான முழுச்சுவர்ச் சோதனை அறிக்கையும் தனித்தனி. கடைக்காரர் பெரும்பாலும் முதல் காகிதத்தை மட்டும் காட்டுவார்.

சரி, ஏழெட்டு மாடி உயரமான கட்டடமா? தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன் நான்காம் பகுதிப்படி 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமானது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் அந்த எல்லை 18.30 மீட்டர். தளத்துக்கு மூன்று மீட்டர் என்றால் ஏழு மாடி 21 மீட்டர். இரண்டு கணக்கிலும் உயரமான கட்டடம்தான். ஆகப் பாடப்புத்தகத்தில் வரும் பிரச்சினையில் பாதி நாகர்கோவிலின் வடசேரியிலும் செட்டிக்குளத்திலும் கிடைக்கும். உண்மையில் இங்கே இருப்பதில் சில துபாயில்கூட இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலைநாட்டுப் புத்தகங்களில் உயரமான கட்டடப் புகை என்றாலே முதலில் பேசுவது குளிர்காலத்தில் வெளியே குளிர், உள்ளே வெதுவெதுப்பு, அதனால் படிக்கட்டில் காற்று தானாக மேலேறுவது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி, உள்ளே 21 என்றால், 30 மீட்டர் கட்டடத்தின் உச்சியில் சுமார் 20 பாஸ்கல் அழுத்தம். இங்கே வெளியே 28, ஏசி போட்ட உள்ளே 24 என்றால் இரண்டு பாஸ்கல்தான், அதுவும் எதிர்த்திசையில். அந்த அத்தியாயத்தை இங்கே ஏறக்குறைய மறந்துவிடலாம். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி ஆடியில் வீசும் காற்றை மறக்க முடியாது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. காற்றழுத்தம் தோராயமாக வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் வரும்: நொடிக்கு 10 மீட்டருக்கு 60 பாஸ்கல், 15 மீட்டருக்கு 135. படிக்கட்டுக்குள் புகை வராமலிருக்க விசிறி வைத்து ஏற்றும் அழுத்தம் விதிப்படி 50 பாஸ்கல். காற்று மோதும் பக்கமாக உள்ள அறையில் தீப்பிடித்து ஜன்னல் கண்ணாடி உடைந்தால், விசிறியை வெளிக்காற்று தோற்கடித்துவிடும். 2008இல் நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில் ஏழு மாடிக் கட்டடத்தில் என்ஐஎஸ்டியும் அந்நகரத் தீயணைப்புத் துறையும் செய்த சோதனைகளில் காற்று தள்ளும் தீயின் விளைவு தெளிவாகத் தெரிந்தது. நொடிக்கு ஒன்பது பத்து மீட்டர் காற்றே நடைபாதையை அடுப்புக் குழாயாக்கப் போதும்.

விசிறியின் அழுத்தத்தைக் கூட்டினால் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். ஒரு மீட்டருக்கு 2.1 மீட்டர் கதவில் 50 பாஸ்கல் என்றால் மொத்தம் 105 நியூட்டன்; கைப்பிடியில் இழுப்பவருக்கு அதில் பாதி, குளோசர் இழுப்பைச் சேர்த்தால் நூறை நெருங்கும். விதி அனுமதிப்பது 133. அழுத்தத்தை 135 பாஸ்கலாக ஏற்றினால் காற்றின் பங்கே 142 ஆகிவிடும். வயதானவரால் கதவைத் திறக்க முடியாது. மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசைக் கைப்பிடியில் மாட்டி இழுத்தால் இதை யாரும் அளக்கலாம்: 13.6 கிலோவைத் தாண்டக்கூடாது. அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் திறக்கும் நிவாரண டாம்பரை எங்கே வைப்பது, காற்று வரும் பக்கம் வைத்தால் என்ன ஆகும் என்பது நல்ல இறுதியாண்டுத் திட்டம்.

அடுத்தது உப்பு. 15 முதல் 35 மீட்டர் வரையிலான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுவாக மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழிறங்கும் குழாயும், தொட்டியடியில் நிமிடத்துக்கு 900 லிட்டர் பம்பும் இருக்கும். தொட்டி மேல்தள வால்வுக்கு மூன்று மீட்டர் உயரத்தில்தான் நிற்கிறது. பம்ப் ஓடாவிட்டால் அங்கே கிடைப்பது 0.3 பார், தேவைப்படுவது 3.5. அதாவது மேல்தளத்துக்காரருக்குப் பம்ப்தான் எல்லாம். அந்தப் பம்பின் மின்சாரம் பொது மீட்டரிலிருந்து வந்தால், தீப்பிடித்ததும் யாராவது மெயினை இறக்குவார்கள், பம்ப் செத்துவிடும். தனி இணைப்பு வேண்டும். கடலோரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. குழாய் உள்ளே துருப்பிடித்துப் பாதி அடைத்திருந்தாலும், வால்வு மூடியிருக்கும்போது அழுத்தமானி முழு அளவைக் காட்டும். ஆண்டுச் சோதனையில் முள்ளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீரை ஓடவிட்டு, ஓடும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். கன்மெட்டல் கப்ளிங்கும் நாசிலும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருப்பது, பம்ப் பேனல் தானாக இயங்காத ‘மேனுவல்’ நிலையில் கிடப்பது, மொட்டை மாடிக் கதவில் பூட்டுத் தொங்குவது எல்லாம் ஒரு மணி நேரச் சுற்றில் கண்ணில் படும். பத்துக் கட்டடங்களில் அசோசியேஷன் அனுமதியோடு இந்த ஓட்டச் சோதனையைச் செய்து, கடலிலிருந்து தூரம், குழாயின் வயது, அழுத்த வீழ்ச்சி மூன்றையும் அட்டவணையாக்கினால் அதுவே ஒரு கட்டுரைக்கான தரவு. பத்துக் கட்டடத்தை வைத்து மாவட்டத்துக்கே பொருந்தும் விதி எழுத முடியாது. அடுத்தவர் தொடர ஒரு தொடக்கம் ஆகும்.

கணினி மாதிரிக்கு, புகையும் சூடும் பரவுவதைக் கணக்கிடும் என்ஐஎஸ்டியின் எஃப்டிஎஸ் மென்பொருள் இலவசம். மாணவர்கள் முதலில் தவறுவது கட்ட அளவில், அதாவது கணக்கிடும் இடத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்களின் அளவில். தீயின் சிறப்பு விட்டத்தை (தீயின் மெகாவாட் அளவிலிருந்து வரும் ஒரு நீளம்) கணக்கிட்டு அதை 4 முதல் 16 பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு மெகாவாட் தீக்கு அந்த விட்டம் 0.96 மீட்டர், ஆக 24 முதல் 6 சென்டிமீட்டர் வரை. பத்து சென்டிமீட்டரில் தொடங்கலாம். கட்டத்தைப் பாதியாக்கினால் கணக்கு நேரம் பதினாறு மடங்கு, ஆகையால் முழு ஏழு மாடியையும் மடிக்கணினியில் ஓட்ட முயலாதீர்கள். தீப்பிடித்த தளமும் படிக்கட்டும் போதும். இரண்டாவது தவறு புகைக்கரி அளவு, அதாவது ஒரு கிலோ பொருள் எரிந்தால் எத்தனை கிலோ கரி வரும் என்பது. மரத்துக்கான 0.015ஐப் போட்டுவிட்டு, எரிவது பாலியூரிதேன் மெத்தையாக இருந்தால், அதன் அளவு 0.1க்கு மேல், பார்வைத் தூரத்தில் ஏழெட்டு மடங்கு பிழை வரும். மூன்றாவது, ஜன்னலுக்கு ஒட்டினாற்போலக் கணக்கு எல்லையை வைப்பது. வெளியே இரண்டு மூன்று மீட்டராவது விட வேண்டும், இல்லையென்றால் காற்றின் விளைவு பொய்யாக வரும். இன்னொன்றும் உண்டு: இந்த மென்பொருள் நீங்கள் கொடுத்த தீ அளவிலிருந்து புகை எப்படிப் பரவும் என்பதை நன்றாகச் சொல்லும். தீ எப்படி வளரும் என்று அதையே கேட்டால் விடை அவ்வளவு நம்பத்தக்கதல்ல.

படிப்பு பற்றி. பட்டத்தை சிவிலில் முடியுங்கள், பாதியில் மாற வேண்டாம். தொடக்கத்திலிருந்தே இதைப் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்குக் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் (குசாட்) பாதுகாப்பு மற்றும் தீ பொறியியல் பி.டெக், நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரியின் தீ பொறியியல் பட்டம் இரண்டும் உண்டு. கொச்சி நமக்கு ஒரு இரவு ரயில் தூரம்கூட இல்லை. இந்தியாவுக்குள் தீச்சோதனை உலைகளைப் பார்க்க ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம். முதுகலைக்கு பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent), ஸ்வீடனின் லுண்ட், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பன்னாட்டுத் தீ பாதுகாப்புப் பொறியியல் எம்.எஸ்சி., அமெரிக்காவில் மேரிலாந்து, வூஸ்டர். உதவித்தொகை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

பட்டம் முடிந்ததும் நேராக முதுகலைக்குப் போகலாமா என்றால், என் கருத்து வேறு. இதில் மாற்றுக் கருத்துள்ளவர்களும் உண்டு. திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ ஸ்பிரிங்க்ளர், ஹைட்ரண்ட் வேலை எடுக்கும் ஒப்பந்த நிறுவனத்தின் வடிவமைப்பு மேசையில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போங்கள். குழாய் அளவைக் கணக்கிட்டு, அதே குழாய் தளத்தில் உத்திரத்தில் இடித்து வளைந்து, இரண்டு எல்போ கூடிப் பம்ப் அழுத்தம் போதாமல் போவதைப் பார்த்தவர் எழுதும் ஆராய்ச்சி முன்மொழிவு தனியாகத் தெரியும். சம்பளம் முதலில் குறைவாகத்தான் இருக்கும். அந்த இரண்டு ஆண்டில் ஒப்படைப்புச் சோதனைகளுக்கு உங்களையும் அழைத்துப் போகச் சொல்லிக் கேளுங்கள், வரைபடம் போடுபவர்களைப் பொதுவாக அங்கே கூட்டிப்போக மாட்டார்கள்.